வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க மூன்று வழிகள்: எதில் தொடங்குவது?

மொழியியல் படிக்க வருபவர்கள் ஒலியனையும் (பொருளை வேறுபடுத்தும் ஒலி) உருபனையும் (பொருள் தரும் மிகச் சிறிய கூறு) ஒருவாறு தாண்டிவிடுகிறார்கள். வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலுக்கு வந்ததும் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒரு பாடநூல் வாக்கியத்துக்கு மேலே தலைகீழ் மரம் வரைகிறது. இன்னொன்று சொல்லிலிருந்து சொல்லுக்கு அம்புக்குறி போடுகிறது. பள்ளியில் படித்ததோ எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போய் எதுவும் பிடிபடாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எதில் தொடங்கினால் நல்லது?" என்பதுதான் அவர்கள் எல்லோரும் கேட்பது.

எனக்கும் அந்தத் தடுமாற்றம் இருந்தது. முதல் பருவம் முழுக்க ஆங்கில வாக்கியங்களுக்கே மரம் வரைந்தோம். விதிகள் மனப்பாடம். ஒருநாள் தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்து நானாக வரைய உட்கார்ந்தேன். ஒரு தொடர், அதாவது ஒரு கட்டாகச் சேரும் சொற்கூட்டம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குத் தெரியவில்லை. படம் வரையப் பழகியிருந்தேன், சோதித்துப் பார்க்க யாரும் பழக்கவில்லை. இந்தக் கட்டுரையில் சோதனைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எந்தச் சொற்கள் ஒரு கட்டாகச் சேர்கின்றன என்பதை அந்த வழி காட்டுகிறதா? இரண்டு பொருள் தரும் வாக்கியத்தின் இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டுகிறதா? சொற்கள் இடம் மாறினால் தாக்குப்பிடிக்கிறதா? "கண்ணன் ஆசிரியர்" போன்ற வினைச்சொல் இல்லாத வாக்கியமும், "எனக்கு இவனைத் தெரியும்" போன்ற வாக்கியமும் வந்தால் என்ன செய்கிறது? கடைசியாக, கற்க எவ்வளவு உழைப்பு, கற்றபின் எங்கே கொண்டுபோய் விடும்?

மூன்று வழிகளையும் ஒரே வாக்கியத்தில் உரசிப் பார்ப்போம்:

நேற்று வாங்கிய புத்தகத்தைக் கண்ணன் மாலாவுக்குக் கொடுத்தான்.

இதற்கு இரண்டு பொருள் உண்டு. புத்தகம் வாங்கியது நேற்றாக இருக்கலாம். எப்போதோ வாங்கிய புத்தகத்தை நேற்றுக் கொடுத்ததாகவும் இருக்கலாம். பேசும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதில் வேறுபாடு தெரிந்துவிடும். எழுத்தில் தெரியாது.

## மரபு வழி: எழுவாயும் பயனிலையும்

எல்லோருக்கும் தெரிந்த வழி. கண்ணன் எழுவாய், கொடுத்தான் பயனிலை, புத்தகத்தை செயப்படுபொருள், மாலாவுக்கு நான்காம் வேற்றுமை. ஐந்து நிமிட வேலை. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியே வருவதால் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் இந்தப் பதில் மாறாது.

ஆனால் நம் வாக்கியத்தின் இரண்டு பொருளுக்கும் இதே பதில்தான் வருகிறது. எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் இரண்டிலும் ஒன்றே. "நேற்று" எங்கே சேர்கிறது என்று இந்தப் பட்டியல் சொல்வதில்லை. பள்ளியோடு இலக்கணத்தை நிறுத்திக்கொண்டவர்கள் மரபு வழியை இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அது அவசரம் என்பது என் கருத்து.

நம் இலக்கண மரபில் இன்னொரு கருவி இருக்கிறது. பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? "கொண்டு முடிதல்" என்பது இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள உறவு. ஒரு சொல் நிறைவு பெற இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்கிறது. "வாங்கிய" என்ற பெயரெச்சம் "புத்தகத்தை" என்பதில் முடிகிறது. சரி, "நேற்று" எதில் முடிகிறது? "வாங்கிய" என்பதிலா, "கொடுத்தான்" என்பதிலா? இந்தக் கேள்வியைக் கேட்ட உடனே இரண்டு பொருளும் பிரிந்துவிடுகின்றன. செய்யுளில் சொற்களை எப்படி இணைத்துப் பொருள் கொள்வது என்று நன்னூல் 8 வகைப் பொருள்கோள்களைச் சொல்கிறது. கொண்டுகூட்டு அதில் ஒன்று. வெவ்வேறு அடிகளில் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்வது. சொல் கிடக்கும் இடம் வேறு, சொல்லின் உறவு வேறு என்ற புரிதல் அங்கே தெளிவாகவே இருக்கிறது.

வினைச்சொல் இல்லாத வாக்கியமும் மரபுக்குத் தொல்லை தருவதில்லை. எழுவாய் கொள்ளும் பயனிலை வினையாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம், வினாவாகவும் இருக்கலாம் என்று நன்னூல் சொல்லிவிட்டது. "கண்ணன் ஆசிரியர்" என்பதில் ஆசிரியர் பெயர்ப் பயனிலை. அவ்வளவுதான்.

இதன் மறைமுகச் செலவு வேறொரு இடத்தில் வருகிறது. "எனக்கு இந்தப் பையனைத் தெரியும்." இதில் எழுவாய் எது? "எனக்கு" நான்காம் வேற்றுமை, "பையனை" இரண்டாம் வேற்றுமை. உருபு ஏற்காத பெயரே இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த "எனக்கு" பல இடங்களில் எழுவாய் போலவே நடந்துகொள்கிறது. "கண்ணன் தன் தம்பியை அடித்தான்" என்றால் "தன்" கண்ணனைக் குறிக்கிறது. "கண்ணனுக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்" என்றாலும் அப்படியே. அதையே திருப்பிப் போட்டு "கண்ணனைத் தன் தம்பிக்குப் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். காதில் உறுத்துகிறது; "அவன் தம்பிக்கு" என்றுதான் சொல்வோம். இன்னொன்று: "அதைக் கேட்டுக் கண்ணனுக்குக் கோபம் வந்தது." கேட்டவன் யார்? கண்ணன். பொதுவாக வினையெச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்கவேண்டும் என்பார்கள். இங்கே அந்த இடத்தை நான்காம் வேற்றுமைப் பெயர் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் எழுவாய் என்ற பெயருக்குள் பல விஷயங்கள் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன: உருபு ஏற்காமல் இருப்பது, வினைமுற்றின் பால் இட விகுதியோடு ஒத்துப்போவது, "தன்" சுட்டுவது, வினையெச்சத்தோடு பகிர்ந்துகொள்வது. பெரும்பாலும் எல்லாம் ஒரே சொல்லில் சேர்ந்து வரும். எப்போதாவது பிரியும். மரபு வழியில் மட்டும் நிற்பவருக்கு இந்தப் பிரிவு விதிவிலக்காகத் தெரியும். தொடரியலாருக்கு ஆராய்ச்சி தொடங்கும் இடமே இதுதான்.

## தொடரமைப்பு வழி: கிளைப்படம்

அமெரிக்க மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் வாக்கியத்தை அண்மையுறுப்புகளாகப் பிரிக்கலாம் என்றார். வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் மறுபடி பிளந்துகொண்டே போவது. 1957இல் நோம் சாம்ஸ்கி அதை விதிகளாக எழுதினார். அந்த விதிகள் மட்டும் போதாது, ஓர் அமைப்பை இன்னோர் அமைப்பாக மாற்றும் விதிகளும் வேண்டும் என்று வாதிட்டார். இன்று அறிமுகப் பாடநூல்களில் பெரும்பாலும் பார்ப்பது இந்த வழியைத்தான்: வாக்கியம் என்பது பெயர்த்தொடரும் வினைத்தொடரும், வினைத்தொடர் என்பது பெயர்த்தொடரும் வினையும் என்று கிளை பிரிந்துகொண்டே போகும் மரம்.

மரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு சொற்கூட்டம் தொடர்தானா என்று கண்டுபிடிக்கும் சோதனைகள். நம் வாக்கியத்திலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் பதிலீடு. "நேற்று வாங்கிய புத்தகத்தை" என்ற மூன்று சொல்லையும் எடுத்துவிட்டு "அதை" என்று வையுங்கள்: "அதைக் கண்ணன் மாலாவுக்குக் கொடுத்தான்." இப்போது வாங்கியதுதான் நேற்று. "வாங்கிய புத்தகத்தை" என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்தால், "நேற்று அதைக் கண்ணன் மாலாவுக்குக் கொடுத்தான்." இப்போது கொடுத்தது நேற்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் வெட்டலாம், வெட்டு மாறினால் பொருள் மாறுகிறது. அடைப்புக்குறி போட்டால் இப்படி இருக்கும்:

[[நேற்று வாங்கிய] புத்தகத்தை]
நேற்று [[வாங்கிய] புத்தகத்தை]

இரண்டாவது, கேள்விக்கான பதில். "கண்ணன் எதைக் கொடுத்தான்?" "நேற்று வாங்கிய புத்தகத்தை." தனியாகப் பதிலாக நிற்கிறது, அப்படி நிற்கும்போது ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது. மூன்றாவது, இடமாற்றம். "வாங்கிய புத்தகத்தைக் கண்ணன் நேற்று மாலாவுக்குக் கொடுத்தான்." நகர முடிந்த "நேற்று" புத்தகத் தொடருக்கு வெளியே இருந்த "நேற்று".

நான்காவது தமிழில் மிக எளிது, ஆங்கிலத்தை வைத்து எழுதிய பாடநூலில் கிடைக்காது. "தான்" என்ற ஒட்டைச் சேர்த்துப் பாருங்கள். "அந்தப் பெரிய பையைத்தான் எடுத்தான்" சரியாக இருக்கிறது. "அந்தப் பெரியதான் பையை எடுத்தான்" என்று யாரும் சொல்வதில்லை. "தான்" தொடரின் நடுவில் புகாமல் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. "ஆ" என்ற வினா ஒட்டும் இப்படித்தான். கையில் படமே இல்லாமல் ஒரு தொடரின் எல்லையைக் காட்டும் அளவுகோல் இது.

இந்த வழிதான் நன்றாகக் காட்டும் இன்னொன்று: "பழைய கடிதங்களும் படங்களும்." கடிதங்கள் மட்டும் பழையனவா, படங்களுமா? [பழைய [கடிதங்களும் படங்களும்]] என்றும் [[பழைய கடிதங்களும்] படங்களும்] என்றும் மரம் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அம்புக்குறி போடும் சார்பு வழியில் திரும்ப வரும்.

இப்போது செலவு. மரம் சொல் வரிசையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. வினையைக் கடைசியில் வைத்துவிட்டால் கண்ணன், மாலாவுக்கு, புத்தகத்தை ஆகிய மூன்றையும் 6 விதமாக அடுக்கலாம். 6உம் நல்ல தமிழ். "புத்தகத்தைக் கண்ணன் மாலாவுக்குக் கொடுத்தான்" என்ற வரிசையில், புத்தகமும் கொடுத்தலும் சேர்ந்த வினைத்தொடருக்கு நடுவே எழுவாய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிளைகள் ஒன்றையொன்று வெட்டும். புத்தகம் முதலில் உள்ளே இருந்தது, பிறகு முன்னால் நகர்ந்தது என்று சொல்லியாகவேண்டும். இப்படிச் சொற்கள் கலைந்து வருவதைத் தனிச் செயலாக அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் ஜான் ராஸ், 1967இல். ஆக, ஒரு சாதாரணத் தமிழ் வாக்கியத்துக்கு மரம் வரைய நகர்வு என்ற கருத்தையும் முதல் மாதத்திலேயே கற்கவேண்டியிருக்கிறது.

அதற்கும் மேலே ஒரு கேள்வி: இப்படிப்பட்ட மொழிகளில் வினைத்தொடர் என்ற அடுக்கு இருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியை வைத்து கென் ஹேல் 1983இல் இதை எழுப்பினார். மலையாள வாக்கியத்துக்கு அந்த அடுக்கு இல்லாத தட்டையான அமைப்பே போதும் என்று கே.பி. மோகனன் 1982இல் வாதிட்டார். என்னைக் கேட்டால், தமிழில் வினைத்தொடருக்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. "கண்ணன் புத்தகத்தை மாலாவுக்குக் கொடுத்தான். ராஜாவும் அப்படியே செய்தான்." "அப்படியே செய்தான்" என்பது புத்தகத்தையும் மாலாவையும் கொடுத்தலையும் சேர்த்து விழுங்குகிறது, எழுவாயை விட்டுவிடுகிறது. ஆனால் இந்த ஒரு சான்றை வைத்து வழக்கு முடிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

பலர் சொல்லாத இன்னொரு செலவு: படம் வரையும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். 1957இன் மரம் ஒன்று, 1970களின் இடைநிலை அடுக்குகள் கொண்ட மரம் ஒன்று, 1981இன் ஆளுகைக் கோட்பாட்டு மரம் ஒன்று, 1995இன் குறைமக் கொள்கை மரம் ஒன்று. பெயர்த்தொடர் என்று முதல் நூலில் படித்தது, அடுத்த நூலில் சுட்டுத்தொடர் என்று வரும். இரண்டு நூல்களை மாற்றி மாற்றிப் படித்தால், வாக்கியம் உங்களுக்குப் புரிந்திருந்தாலும் தவறாக வரைந்துவிட்டோமோ என்ற பயம் வரும். முதல் ஆறு மாதம் ஒரே நூலோடு இருங்கள்.

## சார்பு வழி: அம்புக்குறிகள்

பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேர் 1954இல் இறந்தார். அவருடைய பெரிய நூல் 1959இல்தான் வெளிவந்தது. அவர் பார்வையில் வாக்கியத்தின் மையம் வினைச்சொல். வேதியியலில் அணுவுக்கு இணைதிறன் இருப்பதுபோல் வினைக்கும் இணைதிறன் உண்டு என்றார். "தூங்கு" ஒரு பெயரோடு நிறைவு பெறும், "படி" இரண்டை எதிர்பார்க்கும், "கொடு" மூன்றை.

இந்த வழியில் தொடருக்கென்று தனிக் கணு (மரத்தில் கிளை பிரியும் புள்ளி) கிடையாது. சொற்கள், அவற்றுக்கு இடையே அம்புகள், அவ்வளவே. நம் வாக்கியத்தில் 6 சொற்கள், 5 உறவுகள்: கண்ணன், மாலாவுக்கு, புத்தகத்தை மூன்றும் கொடுத்தானைச் சார்கின்றன, வாங்கிய புத்தகத்தைச் சார்கிறது, நேற்று வாங்கியவைச் சார்கிறது. இரண்டாவது பொருளுக்கு ஒரே ஓர் அம்பை மாற்றினால் போதும், நேற்று கொடுத்தானைச் சாரும். "கொண்டு முடிதல்" இங்கே அப்படியே உட்காருவதைக் கவனித்தீர்களா? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வழி சீக்கிரம் பிடிபடுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 6 வரிசைக்கும் அம்புகள் அதேதான், எதையும் நகர்த்தவேண்டாம். "கண்ணன் ஆசிரியர்" என்றால் ஆசிரியர் மையம், கண்ணன் அதைச் சார்கிறது.

இது எளிது என்று நம்பி இறங்குபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். "மேசையின் மேல்" என்பதில் தலைச்சொல் (மற்றச் சொல் சார்ந்து நிற்கும் சொல்) எது, மேசையா மேலா? பல மொழி வாக்கியங்களுக்கு ஒரே முறையில் அம்பு போட்டுத் தொகுக்கும், உலகப் பொதுச் சார்பு வரைவுகள் (Universal Dependencies) எனப்படும் திட்டம் பொருள் தரும் சொல்லுக்கே தலைமை கொடுக்கிறது, எனவே மேசை. வேறு சில சார்பு இலக்கணங்கள் மேல் என்பதைத் தலையாக வைக்கும்.

இன்னொன்று, அந்தப் "பழைய கடிதங்களும் படங்களும்". அதே திட்டத்தில் அடுக்கி வரும் பெயர்களில் முதலாவதே தலை. எல்லாவற்றுக்கும் பொதுவான அடைமொழியும் அந்த முதல் பெயரிலேயே போய் ஒட்டும். கடிதங்கள் மட்டும் பழையன என்றாலும், இரண்டும் பழையன என்றாலும் அம்பு ஒன்றே. மரம் எளிதாகப் பிரித்துக் காட்டியதை இங்கே காட்ட முடியவில்லை.

கணினி வழி மொழி ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த வழியைத் தவிர்க்க முடியாது. 2014இல் பொது விதிகளோடு தொடங்கிய அந்தத் திட்டத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. தமிழுக்கு பிராகாவில் உருவான 600 வாக்கியத் தொகுப்பு ஒன்று அதில் உண்டு. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளை முதன்மையாக வைத்து உருவான இன்னொரு தொகுப்பும் உண்டு. இவற்றில் வேலை செய்யும்போது முதல் தலைவலி அம்பு அல்ல, சொல்தான். "வந்திருக்கிறானாம்" ஒரு சொல்லா, மூன்றா? எங்கே வெட்டுவது என்று முடிவு செய்த பிறகே அம்பு வரையலாம்.

## மூன்றையும் அருகருகே வைத்தால்

| | மரபு வழி | தொடரமைப்பு வழி | சார்பு வழி |
|---|---|---|---|
| சொற்கட்டுகள் | காட்டாது | மிக நன்றாகக் காட்டும் | ஊகித்துக்கொள்ளவேண்டும் |
| "நேற்று" இருபொருள் | கொண்டு முடிதலைக் கேட்டால் தெரியும் | தெரியும் | ஓர் அம்பில் தெரியும் |
| "பழைய கடிதங்களும் படங்களும்" | தெரியாது | தெரியும் | பொதுத் திட்ட முறையில் தெரியாது |
| சொல் வரிசை மாற்றம் | தொல்லை இல்லை | நகர்வு வேண்டும் | தொல்லை இல்லை |
| வினையில்லா வாக்கியம் | பெயர்ப் பயனிலை | கூடுதல் விளக்கம் வேண்டும் | பெயரே மையம் |
| "எனக்கு இவனைத் தெரியும்" | எழுவாய் இல்லை | எழுவாய் இடத்தில் வைத்துச் சோதிக்கலாம் | அம்பு எளிது, அதன் பெயர்தான் சிக்கல் |
| கற்கும் உழைப்பு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |

## யார் எதில் தொடங்கலாம்

பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கப் போகிறவர் என்றால் தொடரமைப்பில் தொடங்குங்கள், உழைப்பு அதிகம் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனால் மரத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அடைப்புக்குறி மட்டும் போடுங்கள். ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் பக்கத்தில் எந்தச் சோதனையில் அது தேறியது என்று எழுதுங்கள். சோதனை எழுத முடியாத அடைப்புக்குறியை அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மரம் வரைவது கைப்பழக்கம்தான், தானாக வரும்.

கணினி மொழியியலுக்குப் போகிறவர் நேரே சார்பு வழிக்குப் போகலாம். அந்த நான்கு சோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்பு யாரும் எப்படியும் போடலாம். "நேற்று" ஏன் இங்கே ஒட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பதில் சோதனையிலிருந்துதான் வரவேண்டும். அடுக்குப் பெயர்கள் வரும் இடத்தில் மட்டும் ஓர் அடைப்புக்குறியைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு மரபு வழியே போதும், கொண்டு முடிதலையும் சேர்த்துக் கற்பித்தால். மாணவர் நீளமான வாக்கியம் எழுதிக் குழம்பும்போது எந்த எச்சம் எதில் முடிகிறது என்று கேட்டாலே பாதிப் பிழை வெளியே வந்துவிடும்.

வரிசையையும் விட மனமில்லை, உறவையும் விட மனமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1970களின் இறுதியில் ஜோன் பிரெஸ்னனும் ரொனால்ட் கப்ளனும் உருவாக்கிய இலக்கணக் கோட்பாடு (Lexical Functional Grammar), சொற்கட்டுகளுக்கு ஒரு படமும் எழுவாய் செயப்படுபொருள் உறவுகளுக்குத் தனியாக இன்னொரு படமும் வைத்துக்கொள்கிறது. மோகனனின் மலையாள ஆய்வு அந்த வழியில் வந்ததுதான். தமிழுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் முதல் நாளே இதில் இறங்கவேண்டாம். மேலே சொன்ன "கண்ணனுக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்" என்ற வாக்கியத்தை ஒரு தாளில் மரமாகவும் இன்னொரு தாளில் அம்புகளாகவும் வரைந்து பாருங்கள். ஒரு தாளில் எளிதாக வந்தது மற்றதில் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிற அன்று இதைத் திறக்கலாம்.